டிராயிங் பீரியட்: புதிதாக வரும் ஓவிய ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்புக்குள் போய் "உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வாங்கிப் பார்க்கும் தாள்களில் பாதிக்கு மேல் இரண்டு மலை இருக்கும். நடுவில் பாதிச் சூரியன், ஸ்கேல் வைத்துப் போட்ட கதிர்கள், வளைந்து இறங்கும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், மேலே டிக் அடித்த மாதிரி பறவைகள். மலையே கண்ணில் படாத தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளியிலும் இதே படம்தான் வரும்.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய? ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் மனப்பாடம் செய்த படம் அது. உயர்நிலை வகுப்பில் ஓவிய ஆசிரியருக்கு உள்ள முக்கியமான வேலை, மனப்பாடத்தை ஒதுக்கிவிட்டுக் கண் முன்னால் இருப்பதைப் பார்த்து வரைய வைப்பது. கலர், பிரஷ், ஷேடிங் எல்லாம் அதற்குப் பிறகு. கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகிறது. வாரத்துக்கு இரண்டு பீரியட் கிடைத்தால் ஒரு கல்வியாண்டில் இதை முடிக்கலாம். பரீட்சை நெருங்கும்போது உங்கள் பீரியட்டைக் கணக்கு வாத்தியார் கேட்பார்; அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பீரியட் 40 நிமிடம் என்றால் நோட்டை எடுக்க ஐந்து, எடுத்து வைக்க ஐந்து போக மீதி 30 தான். அதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லித்தர முடியும்.

பொருள்கள்

பன்னிரண்டு பென்சில் உள்ள செட்டை வாங்கச் சொல்லாதீர்கள். எச்பி, 2பி, 6பி மூன்று போதும். எழுதுகிற எச்பி எல்லாரிடமும் இருக்கும்; ஆக, செலவு இரண்டு பென்சிலுக்குத்தான். 'பி'க்கு முன்னால் உள்ள எண் ஏற ஏறக் கருமையும் மென்மையும் கூடும். 'எச்' பக்கம் போகப் போகக் கோடு வெளிறும், தாளையும் கீறும். மூன்றாலும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு பட்டை தீட்டச் சொன்னால் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்.

பென்சில் வேலைக்குச் சாதாரண டிராயிங் நோட்டோ, ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளோ போதும். வாட்டர் கலருக்கு அது ஆகாது. தண்ணீர் பட்டதும் நெளியும், இரண்டாவது முறை பிரஷ் போனால் திரி திரியாக உரியும். தாளின் கனத்தைக் குறிக்கும் ஜிஎஸ்எம் எண் 200க்குக் குறையாத தாள் வேண்டும். விலை கூடத்தான், ஆனால் ஒரு பெரிய தாளை நான்காக வெட்டிக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைக்கு அந்த அளவே தாராளம். பிரஷ்ஷில் உருண்டை முனையில் ஒரு 4ஆம் எண், ஒரு 10ஆம் எண், அப்புறம் ஓர் அங்குலத் தட்டை பிரஷ்.

ரப்பரை மட்டும் முதல் மாதம் எடுக்க விடாதீர்கள். ரப்பர் கையில் இருந்தால் பிள்ளைகள் பொருளைப் பார்ப்பதை விட்டுத் தாளையே பார்த்துக்கொண்டு, ஒரே கோட்டை ஆறு முறை அழித்துக்கொண்டிருப்பார்கள். தப்பான கோட்டை அப்படியே விட்டுப் பக்கத்தில் சரியான கோட்டைப் போடச் சொல்லுங்கள்.

முதல் வகுப்புகள்: பார்த்துக்கொண்டே கோடு

அவரவர் இடது கைதான் முதல் மாடல். கையைப் பெஞ்சு மேல் வைத்து, விரலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ள வேண்டும். பார்வை கையைவிட்டு அகலக் கூடாது, தாளைப் பார்க்கக் கூடாது, பென்சிலைத் தூக்கக் கூடாது. கையின் ஓரத்தில் ஒரு எறும்பு ஊர்கிறது, அது போகிற வேகத்தில்தான் பென்சிலும் போக வேண்டும் என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தாளைப் பார்த்தால் வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும். விரல் எங்கோ போயிருக்கும், ஆனால் நகத்துக்கு மேலுள்ள தோல் மடிப்பு, முட்டியின் சுருக்கம் என்று அதுவரை எவரும் வரையாத கோடுகள் தாளில் இருக்கும். அவற்றைக் காட்டுங்கள். "எனக்கு வரைய வராது சார்" என்று முதல் நாளே கைவிரிக்கிற பையன் பெரும்பாலும் இந்தப் பயிற்சியில்தான் தைரியம் கொள்வான், ஏனென்றால் இதில் நன்றாக வரைகிறவனுடைய கையும் கோணல்தான்.

அடுத்த வகுப்பில் ஓர் இலை: பூவரசு, புங்கை, எது வளாகத்தில் கிடைக்கிறதோ அது. இந்த முறை தாளையும் பார்க்கலாம், ஆனால் பத்து பங்கு இலையை, ஒரு பங்கு தாளை.

கோடு நடுங்குகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. வகுப்பில் கோலம் போடத் தெரிந்த பிள்ளைகளை அழைத்துக் கரும்பலகையில் ஒரு சிக்குக் கோலம் போட வையுங்கள். அவர்கள் கை எங்கிருந்து அசைகிறது என்று மற்றவர்கள் கவனிக்கட்டும். எழுதும்போது விரலும் மணிக்கட்டும்தான் அசையும். நீண்ட வளைவுக்குத் தோளிலிருந்து முழுக் கையும் வர வேண்டும். பழைய செய்தித்தாளில் பெரிது பெரிதாக வளைவுகள் போட்டுப் பழகினால் ஒரு மாதத்தில் நடுக்கம் போகும்.

கோடு மட்டுமே ஒரு முழு ஓவியம் ஆக முடியும் என்று காட்ட, ஓவியர் கே. எம். ஆதிமூலம் கறுப்பு மையில் போட்ட காந்தி ஓவியங்களில் ஒன்றிரண்டைக் கொண்டு போங்கள். எங்கே கோடு தடிக்கிறது, எங்கே விட்டுப்போகிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

டம்ளர்

இதற்கு முழுதாக இரண்டு பீரியட் கொடுங்கள். ஓர் எவர்சில்வர் டம்ளரை மேசை மேல் வைத்து வரையச் சொன்னால், வாய் வட்டமாக இருக்கும், அடி ஸ்கேல் வைத்த நேர்கோடாக இருக்கும். ஏன்? டம்ளர் சமமாக உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் நேர்கோடு. வாய் வட்டம் என்பதும் தெரியும், அதனால் வட்டம். தெரிந்ததை வரைந்திருக்கிறார்கள், பார்த்ததை அல்ல.

ஒருவரை எழுப்பி டம்ளருக்கு நேர் மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்: முழு வட்டம். அப்படியே மெதுவாக முழங்காலை மடக்கிக் கீழே வரட்டும். வட்டம் ஒடுங்கி ஒடுங்கி நீள்வட்டமாகும். கண்ணும் விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் அது ஒரு கோடு. இதை எல்லாரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். நேரம் போகும், பரவாயில்லை.

அடுத்து அடிப்பாகம். கண் மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அந்த அளவுக்கு நீள்வட்டம் விரியும். ஆகவே மேசை மேல் உள்ள டம்ளரின் அடிவளைவு, வாயின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். கண்ணாடி டம்ளர் என்று நினைத்துக்கொண்டு, தெரியாத பின்பக்க வளைவையும் லேசாகப் போட்டு முழு நீள்வட்டமாக்கச் சொல்லுங்கள்; பிறகு விட்டுவிடலாம். பிள்ளைகள் போடும் நீள்வட்டத்தின் இரண்டு ஓரமும் தப்பாகக் கூர்முனையில் முடிந்திருக்கும். இது கிட்டத்தட்ட எல்லாரும் செய்வது. எவ்வளவு ஒடுங்கினாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் பெஞ்சில் இருப்பவருக்கும் கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் டம்ளரின் வாய் ஒரே அகலத்தில் தெரியாது. இரண்டு பேரின் படமும் அச்சு அசலாக இருந்தால் யாரோ யாரையோ பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

அளவும் இடைவெளியும்

பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடி அளப்பதைப் பிள்ளைகள் சினிமாவில் பார்த்திருப்பார்கள், எதற்கு என்று தெரியாது. முழங்கை மடங்காமல் கையை முழுக்க நீட்ட வேண்டும். பென்சில் நுனி பொருளின் ஓர் ஓரத்தில், கட்டைவிரல் நகம் மறு ஓரத்தில். அந்த அளவை வைத்துக்கொண்டு பென்சிலைச் செங்குத்தாகத் திருப்பினால் செம்பின் உயரம் அதன் அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்று தெரியும். தாளில் எடுத்துப் போட வேண்டியது சென்டிமீட்டரை அல்ல, இந்த விகிதத்தை. ஒவ்வொரு முறையும் முழங்கை ஒவ்வோர் அளவு மடங்கினால் கணக்கு தப்பிவிடும்.

இடைவெளிக்கு ஒரு நாற்காலி போதும். அதை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியை வரைய வேண்டாம், கால்களுக்கு நடுவே தெரிகிற வெற்றிடங்களை மட்டும் வரைந்து கறுப்பு அடியுங்கள் என்று சொல்லுங்கள். முடிந்ததும் வெள்ளையாக நாற்காலி நிற்கும், பெரும்பாலும் நேராக வரைந்ததைவிடச் சரியான அளவில். நாற்காலிக்கு மனதில் ஒரு மனப்பாடப் படம் உண்டு, இடைவெளிக்குக் கிடையாது. அதனால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஷேடிங்

பிள்ளைகளுக்கு ஷேடிங் என்றால் விரலால் தேய்ப்பது. அதைத் தொடக்கத்திலேயே நிறுத்துங்கள். தேய்த்தால் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் மேலே பென்சிலும் பிடிக்காது. சாய்கோடுகளை நெருக்கமாகப் போட்டுத்தான் கருமையைக் கூட்ட வேண்டும்.

முதலில் ஐந்து கட்டம். முதல் கட்டம் வெறும் தாள், ஐந்தாவது 6பி-யின் முழுக் கறுப்பு, நடுவில் மூன்று படிகள். சுலபம் மாதிரி தெரியும். வாங்கிப் பார்த்தால் மூன்று சாம்பலும் ஒன்றுபோல இருக்கும், கறுப்பு கறுப்பாகவே இருக்காது. அழுத்தவே பயப்படுவார்கள். ஐந்தும் தள்ளி நின்று பார்த்தாலும் தனித்தனியாகத் தெரியும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

அப்புறம் முட்டை. வேகவைத்தது, ஓட்டோடு, உருண்டு விழுந்தாலும் வகுப்பு நாறாது. வெள்ளைத் தாள் மேல் வைத்து, டியூப் லைட்டை அணைத்து, ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தால் பாடம் நடக்காது. கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்போது சின்னச் சின்ன விவரம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும்.

பார்க்க வேண்டியவை ஐந்து. ஜன்னல் பக்கம் பளிச்சென்று தெரியும் இடம். அதை ஒட்டிய மிதமான சாம்பல். வெளிச்சம் எட்டாமல் முட்டையின் மேல் ஒரு பட்டையாக விழும் அடர்ந்த இருள். அந்த இருளுக்கும் விளிம்புக்கும் நடுவே, அடியில் உள்ள தாளின் வெளிச்சம் பட்டுத் திரும்பியதால் கொஞ்சம் வெளிறித் தெரியும் பகுதி. கடைசியாகத் தாளில் விழும் நிழல். நான்காவதை யாரும் தானாகப் பார்க்க மாட்டார்கள். விளிம்புவரை கறுப்பு அடித்துவிடுவார்கள், முட்டை தட்டையாகிவிடும். முட்டைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியை வைத்து எடுத்து, வைத்து எடுத்துக் காட்டினால் அந்த வெளிச்சம் மறைந்து மறைந்து வருவதைப் பார்ப்பார்கள். பார்த்தபின் சிலர் அதை வெள்ளையாகவே விட்டுவிடுவார்கள். அதுவும் தப்பு, அது நிழல் பக்கத்தில் இருக்கிறது. வெளிச்சப் பக்கத்துச் சாம்பலைவிட அடர்ந்துதான் இருக்க வேண்டும்.

விழும் நிழல், முட்டை தாளைத் தொடும் இடத்தில் மிகக் கறுப்பாகவும் விளிம்பு கூராகவும் இருக்கும். விலக விலக வெளிறி, விளிம்பும் கரையும். சுற்றிலும் போட்ட அவுட்லைனைக் கடைசியில் தேடினால் இருக்கக் கூடாது. இரண்டு சாம்பல் சந்திக்கிற இடமே விளிம்பு.

இந்த ஒரு பக்க வெளிச்சம் மனித முகத்திலும் சேலையிலும் எப்படி விழுகிறது என்று காட்ட, 2021இல் கொரோனாவில் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்கள் நல்ல உதாரணம். ஜன்னலோரத்திலும் வாசற்படியிலும் நிற்கும் கிராமத்துப் பெண்கள் அவை. பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே போனில் பார்த்திருப்பார்கள்.

வராண்டாவில் ஒரு பீரியட்

தூரக்காட்சிக்கு வகுப்பறையில் விளக்கம் கொடுத்துப் பயன் இல்லை, பள்ளி வராண்டாவுக்கே கூட்டிப் போங்கள். தரையின் ஓரம், கூரையின் ஓரம், தூண்களின் தலைப்பு எல்லாம் நீண்டு ஒரே புள்ளியில் போய்ச் சேர்வதை ஸ்கேலை நீட்டிப் பிடித்துப் பார்க்கட்டும். அந்தப் புள்ளி எப்போதும் அவரவர் கண் மட்டத்தில் இருக்கும். நின்று பார்த்துவிட்டுத் தரையில் உட்காரச் சொன்னால் அதுவும் கூடவே இறங்கும். ஜன்னல் கண்ணாடி இருந்தால், ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், எதிர்க் கட்டடத்தின் கோடுகளைக் கண்ணாடி மேலேயே மார்க்கரால் போட வைக்கலாம். தலைமையாசிரியர் வருவதற்குள் துடைத்துவிடுங்கள்.

முகம்

எல்லாருக்கும் முகம்தான் வரைய ஆசை, அதிலும் சினிமா நடிகர் முகம். போட்டோவில் கட்டம் போட்டுத் தாளிலும் கட்டம் போட்டுக் காப்பி எடுப்பார்கள். தடுக்க வேண்டாம், பொறுமை வளரும். ஆனால் அதை வீட்டில் செய்யட்டும். வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரின் முகம்.

கண், தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கிறது. இதை நம்பவே மாட்டார்கள். முடி இருக்கும் பகுதியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டுக் கண்ணை நெற்றியில் போடுவதுதான் வழக்கம். உச்சந்தலையிலிருந்து கண் வரை, கண்ணிலிருந்து தாடை வரை பென்சிலால் அளந்து பார்க்கட்டும். முகத்தின் அகலத்தில் சுமார் ஐந்து கண்கள் அடங்கும். நிற்கும் வளர்ந்த மனிதர் ஏறக்குறைய ஏழு முதல் ஏழரைத் தலை உயரம்.

கோயில் சிலைகள் செய்யும் ஸ்தபதிகளின் தாளக் கணக்கைக் கேட்டறிந்த பிள்ளை இங்கே குழம்பலாம். தாளம் என்பது நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை உள்ள முக நீளம். நாம் சொல்லும் தலை, உச்சியிலிருந்து தாடை வரை. தவிர, தெய்வ உருவங்களுக்கான உத்தம தசதாளம் என்ற அளவு முறையில் மொத்த உயரம் 124 அங்குலம், ஒரு தாளம் 12. அந்த அங்குலம் ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல, உருவத்துக்கு உருவம் மாறும் ஒரு பகுப்பு. இரண்டு அளவு முறைகளும் வேறு வேறு நோக்கத்துக்கானவை.

வாட்டர் கலர்

முதல் பாடம் ஒரே கலர், ஒரே சதுரம். பரீட்சை அட்டையில் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி, மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். கலரைத் தேவைக்கு மேலேயே கரைத்து வைத்துவிட வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கரைத்தால் நிறம் ஒத்துவராது, முதல் பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். பெரிய பிரஷ்ஷை நன்றாக நனைத்து மேலே இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு. கீழ் ஓரத்தில் கலர் தண்ணீர் ஒரு வரப்பாகத் தேங்கி நிற்கும். அடுத்த இழுப்பு அந்த வரப்பைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். இப்படியே கடைசிவரை வந்து, பிழிந்த பிரஷ்ஷால் மிச்சத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பின்னால் திரும்பிப் போய்ச் சரிசெய்யக் கூடாது. ஈரம் பாதி காய்ந்த இடத்தில் பிரஷ் பட்டால் திட்டு விழுவது உறுதி.

இது கைவந்த பிறகு, ஒவ்வோர் இழுப்புக்கும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கொண்டே வந்தால் மேலே அடர்ந்து கீழே வெளிறும் வானம் வரும். தாளை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டுக் கலரைத் தொட்டு வைத்தால் மேகம்போலப் பரவும்.

வெள்ளை டியூபையும் கறுப்பு டியூபையும் எடுத்து வைத்துவிடுங்கள். வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாள்தான். எங்கே வெள்ளை வேண்டுமோ அதை விட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் போக வேண்டும், ஏனென்றால் அடர்ந்த நிறத்தின் மேல் வெளிறியது எடுபடாது. கறுப்புக்குப் பதிலாக அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் உயிருள்ள ஒரு கருஞ்சாம்பல் கிடைக்கும்.

'சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா' என்று படித்துவிட்டு வருவார்கள், கலந்தால் பழுப்பாகும். அவர்கள் எடுத்த சிவப்பு வெர்மிலியனாக இருக்கும். அது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு, அதனுள் இருக்கும் மஞ்சள் ஊதாவைக் கெடுத்துவிடும். ஊதாப் பக்கம் சாய்ந்த சிவப்பான கிரிம்சனை எடுத்து அல்ட்ராமரினோடு கலக்கட்டும். பச்சைக்கும் அப்படித்தான்: பிரஷ்யன் நீலமும் லெமன் மஞ்சளும் பளிச்சென்ற பச்சை தரும். அதை அப்படியே தென்னங்கீற்றில் அடித்தால் பிளாஸ்டிக் மரம்; துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் மரம்.

கிரேயான் டப்பாவில் 'ஸ்கின் கலர்' என்று ஒன்று வருமே, வெளிறிய ரோஜா நிறம், அது உங்கள் வகுப்பில் யாருடைய தோலும் அல்ல. பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், துளி கிரிம்சன் இவற்றை வெவ்வேறு அளவில் கலந்து, அவரவர் கையின் பக்கத்தில் தாளை வைத்து ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிழலுக்கு அதிலேயே கொஞ்சம் நீலம். ஆண்டு முழுவதிலும் வகுப்பு அமைதியாக வேலை செய்கிற பீரியட் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு டப்பா தண்ணீர் வேண்டும், பிரஷ் கழுவ ஒன்று, கலக்க ஒன்று. அடைமழைக் காலத்தில் ஒரு பூச்சு காய்வதற்குள் பீரியட் முடிந்துவிடும், அந்த மாதங்களைப் பென்சில் பாடத்துக்கு ஒதுக்குவது நல்லது.

போஸ்டர் கலர்

இதன் சட்டம் தலைகீழ். அடர்ந்ததன் மேல் வெளிறியதை அடிக்கலாம், வெள்ளையும் சேர்க்கலாம். பிரஷ்ஷிலிருந்து சொட்டக் கூடாது, இழுத்தால் திக்கவும் கூடாது, அந்தப் பதம். தடிமனாக அப்பினால் காய்ந்து, சுருட்டும்போது வெடித்து உதிரும். பயிற்சிக்குப் புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் உள்ள தாமரைக் குளத்தின் ஒரு பகுதியைக் கொடுங்கள். 9ஆம் நூற்றாண்டு ஓவியம். கொஞ்ச நிறங்களை வைத்துக்கொண்டு இலை, பூ, மீன், மனிதர் என்று எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கட்டும்.

திருத்துவது

பிள்ளையின் தாளில் நீங்கள் கோடு போடாதீர்கள். போட்டால் அந்தக் கோடு மட்டும் தனியாகத் தெரியும், அவன் அதோடு ஆர்வத்தை விட்டுவிடுவான். ஓரத்திலோ வேறு தாளிலோ போட்டுக் காட்டுங்கள். 'நல்லா இருக்கு' என்று சொன்னால் எது நன்றாக இருக்கிறது என்றும் சொல்லுங்கள். குறை ஒரு முறைக்கு ஒன்றுதான், அதுவும் கேள்வியாக: "டம்ளரோட அடி உனக்கு நேரா தெரியுதா, வளைஞ்சு தெரியுதா?" பதிலுக்கு அவன் டம்ளரைத் திரும்பிப் பார்த்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

சுவரில் ஒட்டும்போது நன்றாக வரைகிற நாலு பேருடையதை மட்டும் ஒட்டாதீர்கள். முழு வகுப்பின் முட்டையும் ஒன்றாக ஒட்டினால், ஆளுக்கு ஆள் எங்கே மாறுகிறது என்று அவர்களே நின்று பேசிக்கொள்வார்கள்.

மேலே படிக்க நினைப்பவர்களுக்கு

வகுப்புக்கு ஓரிருவர் இதையே படிக்க விரும்புவார்கள். பிளஸ் டூ முடித்துச் சேரும் நான்காண்டுப் பட்டப்படிப்பு சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளில் இருக்கிறது. சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கப்பட்டது. சேர்க்கைக்கு நேரில் வரைந்து காட்ட வேண்டியிருக்கும், அப்போது போட்டோ பார்த்துக் காப்பி எடுத்த பழக்கம் கைகொடுக்காது. இப்படிப்பட்டவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி போடச் சொல்லுங்கள், கோணலான முதல் கையையும் சேர்த்து. இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துக் கிளிப் போட்டால் போதும். போஸ்டர் கலர் தாள்களுக்கு நடுவே மட்டும் ஒரு வெள்ளைத் தாள் வைக்க வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.